எதிரணியில் இப்போது யார் யார்?

விளையாட்டுப் பிரியர்களுக்கு ஆட்டம் நடைபெறும் காலத்திலும் பார்க்க ஆட்டம் ஓய்ந்த காலத்திலேதான் வேலை அதிகம். பருவத்தின் இறுதிப் போட்டி முடிந்து, கோல் கம்பங்களிலிருந்து வலைகள் கழற்றப்பட்டு, மைதானத்திலே மாடுகள் மேயத் தொடங்கியதும் அவர்களுடைய ஆராய்ச்சி ஆரம்பமாகிவிடுகிறது. அது தம்முடைய அணியைப் பற்றிய ஆராய்ச்சியன்று, எதிரணியைப் பற்றியது. அங்கிருந்து விலகியவர் யார்? புதிதாக வந்து சேர்ந்தவர் யார்? சேர்ந்தவருக்கு முழங்கால் நோவு இருந்ததாமே, அது மாறிவிட்டதா? கலியாணப் பேச்சிலே மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிப்பவர்கள்கூட இத்துணை நுணுக்கமாக விசாரிப்பதில்லை.

இந்த விசாரணையின் முடிவில் நம்மவர் வழக்கமாகச் செய்வது ஒரு கழித்தற் கணக்கு. போனவர்களை எண்ணுவார்கள், வந்தவர்களை எண்ணுவார்கள், போனவர் தொகை பெரிதாயின், "இம்முறை அவர்கள் பாடு முடிந்தது" என்று தீர்ப்பும் கூறிவிடுவார்கள். கல்லூரிகளிலே கற்பிப்போர் இதனை ஆண்டுதோறும் காண்கின்றனர். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அணியிற் பாதிப்பேர் பாடசாலையை விட்டு நீங்குவது எங்கும் உள்ள வழக்கம். "அங்கே ஏழு பேர் போய்விட்டார்கள், சேர்!" என்று மகிழ்ச்சியோடு வந்து கூறும் மாணவன், தன்னுடைய அணியில் எட்டுப் பேர் போய்விட்டதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கழித்தற் கணக்கு சிலவேளை சரியாக வருவதுமுண்டு. ஆனால் அது அடியோடு பிழைத்த இடம் ஒன்றும் உண்டு. அவ்விடத்திலே ஒரு பெருந்தேசம் முப்பத்திரண்டு ஆண்டுகள் தலையிற் சூடியிருந்த முடியை இழந்தது. அது ஹொக்கி விளையாட்டின் கதை. வன்னிப் பெருநிலத்தில் ஹொக்கி மட்டையைக் கையில் எடுத்தவர் மிகச் சிலரே. இங்கு உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமுமே ஊரின் விளையாட்டுகள். எனினும் எதிரணியை எடைபோடும் வித்தையைக் கற்க விரும்பும் எவரும் படிக்க வேண்டிய பாடம் ஹொக்கியிலேதான் உள்ளது என்பது நமது எண்ணம்.

இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் ஹொக்கியில் தங்கப் பதக்கம் பெற்றது 1928இல், அம்ஸ்ரடாம் நகரிலே. அப்போட்டிகளில் அவ்வணியின் கோலுக்குள் ஒரு பந்துதானும் புகவில்லை. நான்கு ஆண்டுகளின் பின், 1932இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கப்பலேறிய இந்தியக் கோஷ்டி வழியிலே கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. முதலாவதில் 20-0, இரண்டாவதில் 10-0. இரண்டாவது ஆட்டத்தில் நம்மவர் பாதிக்குப் பாதி தேறிவிட்டனர் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். அங்கிருந்து சென்று ஐக்கிய அமெரிக்காவை 24-1 என்று வென்றவர்கள் அவர்கள். ஆதலால் நாமும் அதிகம் வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்த 1932ஆம் ஆண்டு அணியின் தலைவர் லால் ஷா பொக்காரி என்பவர். நம்மை முப்பது கோல்களால் வென்ற கோஷ்டியின் தலைவராகக் கொழும்பில் இறங்கியவர், பின்னாளில் அதே கொழும்பில் உயர்ஸ்தானிகராகப் பணியாற்றினார். ஆனால் அவர் பிரதிநிதித்துவம் வகித்தது இந்தியாவை அன்று, பாக்கிஸ்தானை. இவ்வொரு மனிதரின் வாழ்க்கையிலேயே நாம் கூறப்போகும் கதையின் சுருக்கம் அடங்கியிருக்கிறது.

இன்னொருவரையும் இங்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். 1936இல் பேர்லின் நகரை அடைந்த இந்திய அணி, போட்டிகள் தொடங்குமுன் ஜேர்மனியரோடு ஆடிய ஒரு பயிற்சி ஆட்டத்தில் 4-1 என்று தோற்றுப்போயிற்று. அணித் தலைவர் தியான் சந்த் கலங்கிப்போனார். முன்வரிசையில் ஓர் இடம் ஓட்டையாக இருப்பதை அத்தோல்வி காட்டிவிட்டது. உடனே தாயகத்துக்குச் செய்தி போயிற்று. அலி இக்திதார் ஷா தாரா என்ற இராணுவ அதிகாரி விமானமேறி வந்து அரையிறுதி ஆட்டத்துக்கு முன் சேர்ந்துகொண்டார். இறுதியாட்டத்தில் அதே ஜேர்மனியை இந்தியா 8-1 என்று வென்றது. மாறியது ஓர் ஆள். கணக்கு எப்படித் திரும்பிற்று என்று பாருங்கள். தியான் சந்த் ஒருவர் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அந்த 4-1 தோல்வியிலும் தியான் சந்த் அணியில் இருந்தார் என்பதே விடை.

அவ்விறுதியாட்டம் நடந்த நாள் 1936 ஓகஸ்ட் 15. சரியாகப் பதினொரு ஆண்டுகளின் பின் அதே திகதியில் இந்தியா சுதந்திரம் பெற்றது. அதற்கு முதல்நாள் பாக்கிஸ்தான் பிறந்தது. தாரா இருந்தது பாக்கிஸ்தானின் பக்கத்தில்.

பாகப்பிரிவினை என்பது நமது குடும்பங்களுக்குப் புதிதன்று. காணி அளக்கப்படும், மாடுகள் எண்ணப்படும், தாயின் அட்டியலை எந்த மருமகள் அணிவது என்பதில் வழக்குக்கூட எழும். இவையெல்லாம் பங்கிடும்போது ஒவ்வொருவருக்கும் குறைந்துபோகும் பொருள்கள். ஆனால் வீட்டின் இரகசியங்கள் அப்படியல்ல. எந்தக் கூரை எந்த மழைக்கு ஒழுகும், தகப்பனார் எந்தப் பேச்சுக்குக் கோபிப்பார், கிணறு எந்த மாதம் வற்றும் என்பன இரு சகோதரருக்கும் முழுமையாகவே போய்ச் சேருகின்றன. 1947இல் இந்திய ஹொக்கி பிரிந்தபோது நிகழ்ந்ததும் இதுவே. ஆட்டக்காரர்கள் பங்கிடப்பட்டார்கள், ஆட்டத்தைப் பற்றிய அறிவு பங்கிடப்படவில்லை, இரட்டித்தது.

பிரிவினைக்கு முன்னர் இந்திய ஹொக்கியின் பெரும்பலம் பஞ்சாப். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பம்பாயில் தேசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றதும் பஞ்சாப் அணியே. அவ்வணியில் தாராவும் பல்பீர் சிங்கும் லாகூரைச் சேர்ந்த கேஷவ் தத்தும் தோளோடு தோள் நின்று ஆடியிருந்தார்கள். சில மாதங்கள் கழிந்தன. லாகூர் ஒரு நாட்டிலும் அமிர்தசரஸ் இன்னொரு நாட்டிலும் ஆயின. கேஷவ் தத் பிறந்த நகரை விட்டு வெளியேறி, முதலிற் பம்பாயிலும் பின்னர் வங்காளத்திலும் ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் பாக்கிஸ்தான் அணியின் தலைவராக வந்து இறங்கியவர் தாரா. இந்திய அணியில் இருந்தவர்கள் பல்பீரும் கேஷவ் தத்தும். ஒருவருக்கொருவர் பந்து கொடுத்துப் பழகியவர்கள் இப்பொழுது எதிரெதிர்க் கொடிகளின் கீழே நின்றார்கள். அந்த ஓராண்டு இடைவெளியில் நடந்ததைப் போன்ற 'ஆள் மாற்றம்' விளையாட்டுலகில் வேறெங்கும் நிகழ்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இலண்டனில் இரு அணிகளும் மோதும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பாக்கிஸ்தான் அரையிறுதியில் பிரித்தானியாவிடம் தோற்று நாலாவது இடத்தைப் பெற்றது. இந்தியா பஞ்சாபில் இழந்ததைப் பம்பாயிலும் வங்காளத்திலும் தேடி நிரப்பிக்கொண்டு, 1948 ஓகஸ்ட் 12இல் வெம்பிளி மைதானத்திலே பிரித்தானியாவை 4-0 என்று வென்றது. முன்னைய எசமானரை அவருடைய முற்றத்திலேயே வைத்து வென்ற மகிழ்ச்சி சாதாரணமானதா? 1952இல் ஹெல்சிங்கியிலும் வெற்றி. இறுதியாட்டத்தில் ஒல்லாந்துக்கு எதிராக 6-1. அதில் ஐந்து கோல்கள் பல்பீர் சிங் ஒருவரே அடித்தவை. பாக்கிஸ்தான் அம்முறையும் நாலாவது இடத்திலேயே நின்றது.

இவ்விடத்திலேதான் கழித்தற் கணக்கு மயக்கத் தொடங்கியது. பெரிய வீட்டிலிருந்து பிரிந்துபோன சிறிய பங்கு. இரண்டு முறை நாலாவது இடம். நம்மிடமிருந்து கொண்டுபோன ஆட்களும் வயதேறிப் போகிறார்கள். அவர்களால் இனி என்ன செய்ய முடியும்? இந்திய ஹொக்கி அபிமானி ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு எண்ணியிருந்தால் அவரைக் குறைகூற இயலாது. ஏட்டிலுள்ள இலக்கங்கள் எல்லாம் அவர் பக்கமே இருந்தன.

ஆனால் ஏட்டிலே வராத இருவரைக் கவனியுங்கள். லத்தீபுர் ரஹ்மான், அக்தர் ஹுசைன் என்னும் இவர்கள் 1948இல் இந்தியாவின் சார்பிலே தங்கப் பதக்கம் பெற்றவர்கள். பின்னர் எல்லையைக் கடந்து சென்றார்கள். லத்தீப் 1952இலும் 1956இலும், அக்தர் 1956இலும் பாக்கிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடினார்கள். இந்தியாவின் பின்வரிசை எப்பொழுது முன்னேறும், எந்தப் பக்கம் திரும்பினால் தடுமாறும் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்றே பார்த்தவர்கள். எதிரணியிற் புதிதாகச் சேர்ந்தவர்களுடைய வேகத்தை அளப்பது எளிது. அவர்கள் நம்மைப்பற்றி அறிந்துகொண்டு போனவற்றை அளக்கும் கருவி எங்கே உள்ளது?

1956இல் மெல்பேர்ண். இந்தியா முப்பத்தெட்டுக் கோல்கள் அடித்து, ஒன்றேனும் வாங்காமல், ஆறாவது தங்கத்தைப் பெற்றது. அணித் தலைவர் பல்பீர் சிங் விரல் முறிந்த நிலையிலும் ஆடினார். இறுதியாட்டத்தில் எதிர்த்தவர்கள் பாக்கிஸ்தானியர், முடிவு 1-0. அந்த ஒரே கோலை அடித்தவர் ரண்தீர் சிங் ஜென்டில். வெற்றி வெற்றிதான். ஆயினும் இந்தியா ஆடிய இறுதியாட்டங்களின் கணக்கை ஒரு வரிசையில் எழுதிப் பாருங்கள்: 1936இல் 8-1, 1948இல் 4-0, 1952இல் 6-1, 1956இல் 1-0. பதக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் மாறவில்லை. இவ்வரிசையைப் பார்த்தவருக்கோ, எதிரி வாசற்படியில் ஏறிவிட்டது தெரிந்திருக்கும். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது இன்னும் தெளிவாயிற்று. இரு அணிகளும் மோதிய ஆட்டம் கோலின்றி முடிந்தது. கோல் விகிதத்தின்படி தங்கம் பாக்கிஸ்தானுக்குச் சென்றது.

மெல்பேர்ணுக்கும் ரோமுக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இரு பக்கமும் நிகழ்ந்த ஆள் மாற்றத்தை இப்பொழுது சற்று நிதானமாகப் பார்ப்போம். பாக்கிஸ்தானில் லத்தீபும் இல்லை, அக்தரும் இல்லை. 'இந்தியாவிலே பழகிய பழைய கைகள் ஓய்ந்துவிட்டன. இனிப் பயமில்லை' என்றுதான் கழித்தற் கணக்குக் கூறும். ஆனால் அங்கே எஞ்சி நின்றவர்கள் யார்? 1956இல் தலைவராயிருந்த அப்துல் ஹமீதே 1960இலும் தலைவர். நடுவரிசையின் நடுவில் அன்வர் அஹ்மத் கான். பின்வரிசையில் முனீர் தார், மன்சூர் ஹுசைன் ஆதிப். இவர்கள் எல்லாரும் மெல்பேர்ணில் ஒரு கோலால் தோற்று, அத்தோல்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியவர்கள். அணியின் முதுகெலும்பு அப்படியே இருந்தது. பழையவர்களிடம் கற்க வேண்டியதைக் கற்று முடித்த பின்னரே பழையவர்கள் விடைபெற்றிருந்தார்கள்.

இந்தியாவின் பக்கத்திலோ பல்பீர் இல்லை. கோல் அடித்த ஜென்டிலும் இல்லை. அணியின் தலைமையை ஏற்றவர் லெஸ்லி குளோடியஸ். பிலாஸ்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். நான்காவது ஒலிம்பிக்கில் ஆடிய பெருமைக்குரியவர். அவருடைய திறமையில் எவரும் ஐயங்கொள்ளவில்லை. எனினும் ஓர் அணியில் அடிப்பவர் போய், காப்பவர் மட்டும் எஞ்சினால், அவ்வணி தோற்காமலிருக்க ஆடுமேயன்றி வெல்வதற்கு ஆடுமா என்ற கேள்வி எழாமலில்லை.

1960 செப்டெம்பர் 9. ரோமில் நடந்த இறுதியாட்டத்தின் முற்பாதியில் நசீர் புந்தா ஒரு கோல் அடித்தார். அதற்குப் பதிலடி கிடைக்கவேயில்லை. 1928 முதல் அதுவரை ஒலிம்பிக் ஆட்டங்கள் முப்பதில் தொடர்ந்து வென்றுவந்த இந்தியா, முதன்முறையாகத் தோற்றது. 1-0 என்ற அதே கணக்கு, திசை மட்டும் மாறி நின்றது.

அதன் பின் இந்தியா செய்ததையும் கூறிவிட வேண்டும். 1964இல் டோக்கியோவில் மறுபடியும் அதே எதிரி, மறுபடியும் 1-0, இம்முறை மொகிந்தர் லால் அடித்த கோலினால் வெற்றி இந்தியாவுக்கு. அன்று பாக்கிஸ்தானியரின் அடிகளை எல்லாம் தடுத்து நின்ற கோல் காப்பாளர் ஷங்கர் லக்ஷ்மண், மெல்பேர்ணிலும் ரோமிலும் அதே இடத்தில் நின்றவர். ரோமிலே அந்த ஒரு கோலை வாங்கியவரும் அவரே. தோல்வி நேர்ந்ததும் கோல் காப்பாளரை மாற்ற வேண்டுமென்று கூச்சலிடுவது உலக வழக்கம். இந்தியா அவரை மாற்றவில்லை. எதிரணியின் மாற்றங்களை ஆராய்வோர், மாற்றப்படாதவர்களின் பெயர்களையும் ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

இந்தியா கவனியாமல் விட்ட இன்னொரு வாசலும் இருந்தது. 1940களின் பிற்பகுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இந்தியாவை விட்டு வெளியேறின. அவற்றுள் ஒன்று ஜபல்பூரிலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற பியர்ஸ் குடும்பம். அக்குடும்பத்தின் சகோதரர் ஐவரும் அவுஸ்திரேலியாவுக்காக ஹொக்கி ஆடினார்கள். எரிக் பியர்ஸ் 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக்குகளிற் பங்குபற்றினார். அவர்கள் போனபோது இந்தியாவில் எவரும் 'நமது அணி பலவீனமாயிற்று' என்று கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்; அவுஸ்திரேலியா அப்பொழுது ஹொக்கியில் எதிரியாக எண்ணத்தக்க நாடே அன்று. 1964இல் அந்நாடு வெண்கலம் பெற்றது. 1968இல் மெக்சிக்கோவில் அரையிறுதியாட்டத்தில் இந்தியாவை 2-1 என்று வென்றது. அம்முறைதான் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் இறுதியாட்டத்தைக் காணாமல் திரும்பியது. ஆக, போனவர் தொகையைக் கேட்பதோடு போன இடத்தையும் கேட்க வேண்டும்.

போன இடத்தைக் கேட்பது என்றதும் நமது சொந்த மண் நினைவுக்கு வருகிறது. நந்திக்கடலின் அருகே, கண்ணகை அம்மனின் காவலில் உள்ள வற்றாப்பளையைத் தமிழ் வாசகர் பலரும் அறிவர். மதுரையை எரித்த பின் ஈழத்துக்கு வந்த அன்னை இடந்தோறும் தங்கித் தங்கி, பத்தாவதாக அமர்ந்த பளை இது என்றும், 'பத்தாப்பளை'யே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஊரார் கூறுவர். இடம்பெயர்ந்து வந்த தெய்வத்தின் ஊரும் ஒருநாள் இடம்பெயர நேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதும் பெயர்ந்து ஓடிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் போர் முடிந்த பின், வன்னி மக்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர்.

ஊர் திரும்பிய பின் இளைஞர்கள் மீண்டும் இரண்டு தடிகளை நட்டுப் பந்தை உருட்டத் தொடங்கிய நாட்களில், 'எதிரணியில் இப்போது யார் யார்?' என்ற கேள்விக்கு இருந்த பொருளே வேறு. பக்கத்து ஊர் அணியின் பழைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விசாரிக்கத் தொடங்கியவர்கள், மூன்றாவது நாலாவது பெயரோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். எதிரணி பலவீனமாயிற்று என்று மகிழ்வதற்கு அங்கே எவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் பதினொருவர் தேறும் என்ற நிலையும் இருந்தது. அப்படிச் சேர்ந்து ஆடிய சிறுவர்கள், தம் தமையன்மார் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர்கள் என்பதைப் பின்னரே அறிந்தார்கள்.

இக்காலத்து மாற்றம் வேறு வகையானது. இப்பொழுது எதிரணியிலிருந்து ஒருவர் விலகினார் என்றால் பெரும்பாலும் பிரான்சுக்கோ கனடாவுக்கோ போய்விட்டார் என்று பொருள். அங்கே ஊர்ப் பெயரிலேயே கழகம் அமைத்து, குளிரிலே கையுறை அணிந்துகொண்டு, ஊர்ப் பகையையும் விடாமல் ஆடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது சிரிப்பும் வருகிறது, வேறெதுவோவும் வருகிறது. வைகாசிப் பொங்கலுக்கு விடுமுறையில் வந்து, ஒரேயொரு ஆட்டத்துக்குப் பழைய இடத்தில் இறங்குவோரும் உளர். அத்தகைய ஒருவர், வயிறு சற்று முன்தள்ளியவர், எதிரணியில் இறங்கியதைக் கண்டு நம் இளைஞர்கள் நகைத்தபோது, வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் கூறியது மறக்கத்தக்கதன்று: "அவர் ஓடமாட்டார் தம்பி, பந்துதான் அவரிட்ட ஓடி வரும்." அவ்வாறே நிகழ்ந்தது. நின்ற இடத்திலிருந்தே இரண்டு கோல்களுக்கு வழிசெய்துவிட்டு, மூச்சிரைக்க வெளியே வந்து அமர்ந்துகொண்டார் அந்த விடுமுறை ஆட்டக்காரர்.

மீண்டும் ஹொக்கிக்கு வருவோம். இன்று ஆட்டக்காரரின் மதிப்பை ஊகிக்க வேண்டிய சிரமமில்லை. விலையே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் இந்தியாவில் ஓர் ஆட்டக்காரரை இழுத்துக்கொள்ள ரெயில்வேயிலோ பொலிஸ் பகுதியிலோ ஒரு நியமனக் கடிதம் போதும். 2024 ஒக்டோபரில் புதுடில்லியில் இந்திய ஹொக்கி லீக் போட்டிக்காக நடந்த ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சம் ரூபாவுக்குப் போனார். தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய அணி நெதர்லாந்தின் ஜிப் ஜான்சனை 54 இலட்சத்துக்கு எடுத்தது. ஐதராபாத் அணி 68 இலட்சம் கொடுத்துக் கொன்சாலோ பெய்லாட்டை வாங்கியது. ஓர் அணிக்கு இருபத்து நால்வர். அவருள் எண்மர் வெளிநாட்டவர். ஏலம் முடிந்த மறுநாளே எந்த அணி வெல்லும் என்று விலைப்பட்டியலைக் கொண்டு ஆரூடம் கூறியவர்கள் பலர். 2025 பெப்ரவரி 1இல் நடந்த இறுதியாட்டத்தில் ஐதராபாத்தை 4-3 என்று வென்றது வங்காள அணி. அதில் மூன்று கோல்கள் அடித்தவர் 48 இலட்சம் பெற்ற ஜுக்ராஜ் சிங்.

அந்தப் பெய்லாட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அவர் ஆர்ஜென்டீனாவிற் பிறந்தவர்; 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தாய்நாட்டுக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்தவர்; அப்போட்டியில் பதினொரு கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர். பின்னர் தாய்நாட்டு அணியை விட்டு விலகி, சில ஆண்டு இடைவெளியின் பின் ஜேர்மனியின் உடுப்பை அணிந்துகொண்டார். 2023இல் இந்திய மண்ணிலேயே நடந்த உலகக் கிண்ணப் போட்டியை ஜேர்மனி வென்றபோது, அரையிறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தவர் அவர்.

அவருடைய வித்தை பெனல்டி கோர்னர் என்னும் தண்ட அடி. ஹொக்கி பாராதவர்களுக்காக இதனைக் கூறுகிறோம். பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, வட்டத்தின் விளிம்பிலே இன்னொருவர் அதை நிறுத்த, மூன்றாமவர் மட்டையாற் சுழற்றிக் கோலை நோக்கி எறிவார். காப்போர் கோல் காப்பாளரோடு ஐவர் மட்டுமே. அவருள் ஒருவர், பந்து தள்ளப்பட்ட கணத்திலேயே, எறிபவரை நோக்கி நேராகப் பாய்ந்து ஓட வேண்டும். பந்து முழங்காலிலோ மார்பிலோ படலாம். அதற்கு அஞ்சாதவரே அவ்வேலைக்கு ஏற்றவர். கோல் அடித்தவர் பட்டியலில் இவர் பெயர் வராது. இந்திய அணியில் அவ்வேலையைச் செய்துவந்தவர் அமித் ரோகிதாஸ்.

2024 ஓகஸ்ட் 4இல், பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியாட்டத்தில், பிரித்தானியாவுக்கு எதிராக ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். மீதி நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடி, தனித்தனி அடிகளின் மூலம் இந்தியா வென்றது, நாடே கொண்டாடிற்று. அடுத்த ஆட்டம் ஜேர்மனியோடு. ரோகிதாஸுக்கு ஓர் ஆட்டத் தடை. பத்துப் பேராக நின்றே வென்றவர்களுக்குப் பதினொருவர் இருக்கும்போது என்ன குறை என்று எண்ணியவர் பலராயிருக்கலாம். ஓகஸ்ட் 6இல் இந்தியாவே முதற் கோலை அடித்தது. பதினெட்டாவது நிமிடத்தில் ஜேர்மனிக்கு ஒரு பெனல்டி கோர்னர் கிடைத்தது. எறிவதற்கு வந்து நின்றவர் பெய்லாட். அவரை நோக்கி ஓடிவர வேண்டியவர் அன்று மைதானத்தில் இல்லை. பந்து கோலுக்குள் சென்றது. ஆட்டம் 3-2 என்று ஜேர்மனிக்குப் போயிற்று.

இரண்டு நாட்களின் பின், வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில், ரோகிதாஸ் மீண்டும் அணியில் நின்றார். ஸ்பெயினுக்கு எதிராக இந்தியா 2-1 என்று வென்றது.